ஏற்காடும் ஓர் இல்லாத தீவும்

சேலத்தில் மே மாதத்து வெயில் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களிடம் கேட்கக் கூடாது. "இதெல்லாம் ஒரு வெயிலா!" என்று சிரித்து விடுவார்கள். காலை ஒன்பது மணிக்கே தலை கிறுகிறுக்கும் அந்த ஊரிலிருந்து முப்பது கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமாக மேலே போனால், சாயங்காலம் சால்வையைத் தேட வேண்டியிருக்கும் என்பதை நம்புவது சிரமந்தான். ஆனால் அதுதான் ஏற்காடு.

மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பஸ்ஸில் பின் ஸீட்டுக் குழந்தைகள் ஒவ்வொன்றாக உரக்க எண்ணிக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டாவது வளைவோடு எண்ணிக்கை நின்று போயிற்று. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளோடு போகிற சகோதரிகள் கீழேயே நாலு எலுமிச்சம் பழம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ஏறுவது நல்லது.

அடிவாரத்தில் மூங்கில் புதர்கள். பாதி தூரம் ஏறியதும் காற்றின் குணம் மாறுகிறது. அப்புறம் நெடுநெடுவென்று சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் மேல் மிளகுக் கொடி. நிழலில் காப்பிச் செடி. நம் வீடுகளில் காலையில் டிகாஷன் இறங்காவிட்டால் உலகமே அஸ்தமித்துப் போகிறதே, அந்தக் காப்பி இந்த மலைக்கு வந்தது 1820களில். அப்போது சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற துரை கொண்டு வந்து பயிரிட்டாராம். கலெக்டர் வேலையைப் பார்த்த நேரம் போகச் செடி நட்டாரா, செடி நட்ட நேரம் போகக் கலெக்டர் வேலை பார்த்தாரா, தெரியாது. எப்படியிருந்தாலும் அவருக்கு நாம் ஒரு டம்ளர் காப்பி கடன்பட்டிருக்கிறோம்.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. பெயரிலேயே வர்ணனை முடிந்து விட்டது! ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப் போல் உயரமும் இல்லை, ஊட்டியைப் போல் ஆடம்பரமும் இல்லை. "ஏழைகளின் ஊட்டி" என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரை விடுதிக்காரர்களுக்கு யாரும் தெரியப்படுத்தவில்லை போலிருக்கிறது.

நானும் என் கணவரும், அக்கா பெண்ணுமாகப் போயிருந்தோம். அக்கா பெண் சென்னையில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறாள். ஏரிக்குச் சமீபத்தில் ஒரு விடுதி, பெயர் எதற்கு? போனில் சொன்ன வாடகை ஒன்று, மேஜைமேல் எங்களிடம் நீட்டிய சீட்டில் இருந்த வாடகை ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. "ஸீஸன், ஸார்!" என்ற ஒரே வார்த்தையில் பதில் முடிந்து விட்டது. மூட்டை முடிச்சுகளை இறக்கியாகிவிட்டது, கோடை விழாக் கூட்டத்தில் வேறு இடம் கிடைக்காது, என்ன செய்வது? என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எண்ணினார்.

"சித்தப்பா, கோபப்படாதீங்க. இதே கதை பெரிய பெரிய நூலகங்களுக்கெல்லாம் நடந்திருக்கு. அதுவும் இல்லாத ஊரிலே!" என்றாள் அக்கா பெண்.

இல்லாத ஊருக்கு வாடகையா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாலையில் ஏரியில் படகில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவர் மெதுவாக வலித்துக்கொண்டிருந்தபோது, அவள் அந்தக் கதையைச் சொன்னாள்.

* * *

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் லிண்டன் லாப் என்று ஒரு கம்பெனி. 2003-ஆம் வருஷம் அது கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகத்தைத் திறந்து விட்டது. 'செகண்ட் லைஃப்' என்று பெயர். இரண்டாவது வாழ்க்கை என்று அர்த்தம். அதற்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை உருவம் உண்டு. அந்த உருவம் நடக்கும், பறக்கும், பேசும், வீடு கட்டும், உடை மாற்றிக்கொள்ளும்.

"இருக்கிற ஒரு வாழ்க்கையையே சமாளிக்க முடியவில்லை, இரண்டாவது எதற்கு?" என்றேன்.

"கேளு சித்தி. அந்த உலகத்திலே நிலம் உண்டு. தீவு தீவாக வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒரு தீவு 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம். ஏக்கர் கணக்கில் சொன்னால் பதினாறு ஏக்கர்."

"இல்லாத நிலத்துக்கு ஏக்கர் கணக்கா!"

"நிலம் இல்லை. ஆனால் அதைத் திரையிலே காட்டுகிற இயந்திரம் எங்கேயோ ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கணும் இல்லையா? அதற்குத்தான் வாடகை."

2006-இல் இல்லினாய் மாகாணத்து நூலகங்களின் கூட்டமைப்பு ஒன்று, அலையன்ஸ் லைப்ரரி ஸிஸ்டம் என்பது, அந்த உலகத்தில் 'இன்ஃபோ ஐலண்டு' என்று ஒரு தீவு அமைத்தது. பல தேசத்து நூலகர்கள் தங்கள் வேலை நேரம் போக, சம்பளம் இல்லாமல் முறை வைத்துக்கொண்டு அந்தத் தீவில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். யாராவது ஒரு பொம்மை தயங்கித் தயங்கி வந்து சந்தேகம் கேட்கும். நூலகரின் பொம்மை பதில் சொல்லும். சிரிப்பாக இருக்கிறதல்லவா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. "படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள், வாசற்படி தாண்ட முடியாதவர்கள் எல்லாம் நூலகத்துக்குள் நடந்து வரலாம், சித்தி" என்று அவள் சொன்னபோது சிரிப்பு நின்று விட்டது.

உபாத்தியாயர்களும் விடவில்லை. ஒரு தீவில், மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடி வளர்த்துப் பரம்பரைக் குணங்களைக் கண்டுபிடித்தாரே, அந்த மடத்துத் தோட்டத்தையே அமைத்து விட்டார்கள். மாணவர்கள் உள்ளே போய்ப் பட்டாணியை ஒன்றோடொன்று கலந்து விளைச்சலை எண்ணலாம். இன்னொரு தீவில் ராக்கெட்டுகளை நிஜ அளவிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஸ்வீடன் தேசம் 2007-இல் அங்கே ஒரு தூதரகமே திறந்தது. விசா மட்டும் கிடைக்காதாம்!

ஒரு முழுத் தீவுக்கு மாத வாடகை 295 டாலர். பள்ளிக்கூடங்களுக்கும் லாப நோக்கம் இல்லாத ஸ்தாபனங்களுக்கும் அதில் பாதி. 147 டாலர் 50 சென்ட். இந்தச் சலுகையை நம்பித்தான் கல்லூரிகளும் நூலகங்களும் குடியேறின. 2010 அக்டோபரில் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது: வருகிற ஜனவரி முதல் தேதியோடு அரை விலை கிடையாது. வருஷத்துக்கு 1,770 டாலராக இருந்த செலவு 3,540 டாலர் ஆயிற்று. அன்றைய டாலர் மதிப்பில் நம் பணத்தில் எண்பதாயிரம் ரூபாய், ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆகிற மாதிரி.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதில் எது மிகவும் வலிக்கும் என்று தெரியும். தொகை கூட அவ்வளவு வலிக்காது, வேளைதான் வலிக்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் ஜூலையிலேயே முடிவாகி விடும். பாதி வருஷத்தில் வந்து வாடகை இரட்டிப்பு என்றால் ஒரு நூலகர் யாரிடம் போய்க் கை நீட்டுவார்? மாதக் கடைசியில் பால்காரர் விலையை ஏற்றிய மாதிரிதான்.

கம்பெனியின் கட்சியையும் சொல்லி விட வேண்டும். அந்த வருஷம் ஜூனில்தான் அது தன் சிப்பந்திகளில் சுமார் முப்பது சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதற்கும் கஷ்ட காலம். பழைய விலையிலேயே முன்பணம் கட்டிச் சில காலம் நீடித்துக்கொள்ளவும் வழி விட்டது. கையில் காசு இருந்தவர்கள் கட்டினார்கள். காசில்லாதவர்கள்?

"வேறு வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே?" என்றார் என் கணவர்.

"அங்கேதான் சங்கடம், சித்தப்பா. வீட்டைக் காலி செய்தால் கட்டிலையும் பீரோவையும் வண்டியிலே ஏற்றலாம். அங்கே கட்டினதை வெளியே எடுத்துக்கொண்டு போவது அவ்வளவு லேசில்லை. நாற்காலி ஒருவர் செய்தது, விளக்கு இன்னொருவரிடம் வாங்கினது, சுவருக்குப் பூசின படம் வேறொருத்தருடையது. அவர்கள் அனுமதி இல்லாமல் எதையும் தூக்க முடியாது. நாலு வருஷம் ராத்திரி ராத்திரியாகக் கட்டினதை விட்டு விட்டு வெறுங்கையோடு வெளியே வந்தவர்கள் உண்டு."

சிலர் 'ஓபன் ஸிமுலேட்டர்' என்ற இலவச ஏற்பாட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே வாடகை குறைவு. ஆனால் அக்கம் பக்கத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. ஊருக்கு வெளியே மனை வாங்கிக் கட்டியவர்களுக்குத் தெரியும் அந்தத் தனிமை! பலர் மூடிவிட்டார்கள். இல்லினாய் கூட்டமைப்பே செலவு தாங்காமல் போன காலம் அது. 2011-இல் அது வேறு கூட்டமைப்புகளோடு சேர்ந்து தன் பெயரை இழந்தது. 2013-இல் கம்பெனி மனம் மாறிக் கல்விச் சலுகையைத் திரும்பக் கொடுத்தது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. தொண்டர்களான சில நூலகர்கள் மட்டும் இன்னும் விடாப்பிடியாக அங்கே ஒரு நூலகத்தை நடத்தி வருகிறார்கள்.

அதே 2011-இல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஹார்ப்பர் காலின்ஸ் என்ற பெரிய பிரசுராலயம், நூலகங்களுக்கு விற்கும் மின்புத்தகங்களுக்கு ஒரு வரம்பு கட்டியது. இருபத்தாறு தடவை இரவல் கொடுத்ததும் புத்தகத்தின் ஆயுள் முடிந்து விடும். வேண்டுமானால் மறுபடியும் காசு கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் தொடர்கதைகளை வாரா வாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்திருப்பார்களே பாட்டிமார்கள்! அந்த ஒரு தொகுப்பு தெரு முழுக்கச் சுற்றி, நடுவில் இரண்டு அத்தியாயம் காணாமல் போய், காப்பிக் கறையோடு திரும்பி வரும். இருபத்தாறாவது மாமி கையில் போனதும் அது மாயமாய் மறைந்து விட்டால் எப்படி இருக்கும்?

படகு கரைக்கு வந்து விட்டது. அரை மணிக்குக் கொடுத்த பணம் தீர்ந்து போயிற்று என்று படகுக்காரர் நயமாகச் சொன்னார்.

* * *

மறுநாள் காலை ஹோலி டிரினிட்டி மாதா கோவில் பக்கம் நடந்தோம். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. 1863 மே மாதத்தில் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் ஆதி மனிதன் செய்த கல் ஆயுதம் ஒன்றைக் கண்டெடுத்து, இந்தியாவின் சரித்திரத்தைப் பல ஆயிரம் வருஷங்களுக்குப் பின்னால் தள்ளியவர் இவர். நிலவியல் இலாகாவில் வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டில் வீடு வைத்துக்கொண்டு, நாற்பது வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்த கற்களையும் பானை ஓடுகளையும் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். 1904-இல் அந்தச் சேகரம் முழுவதையும் சென்னை அரசாங்கம் விலைக்கு வாங்கியது. எழும்பூர் மியூசியத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

"அவர் கெட்டிக்காரர். கல்லாகச் சேர்த்தார். கல்லுக்கு மாத வாடகை கிடையாது" என்றாள் அக்கா பெண்.

ஏற்காடு பள்ளிக்கூடங்களின் ஊர். மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் ஏற்பட்டது. ஸேக்ரட் ஹார்ட் கான்வென்ட் அதைக் காட்டிலும் பழையது. குளிர்ச்சியான இடத்தில் குழந்தைகளை விட்டுப் படிக்க வைக்கப் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அந்தக் கட்டடங்களையும் விளையாட்டு மைதானங்களையும் வெளியே நின்று பார்த்தாலே மனசுக்குள் ஒரு மரியாதை உண்டாகிறது. ஆனால் இந்த மலையின் சொந்தக் குழந்தைகள் பெரும்பாலும் படிப்பது வேறு பள்ளிகளில். அவர்களைப் பார்க்கப் பகோடா பாயிண்டுக்குப் போக வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே அந்த இடம். கற்களைக் கோபுரம் போல் அடுக்கி வைத்திருந்ததால் அந்தப் பெயர் வந்ததாம். ராமர் கோவில் ஒன்று இருக்கிறது. விளிம்பில் நின்று பார்த்தால் கீழே காக்கம்பாடி கிராமம் சின்ன விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிகிறது. இங்குள்ள மலைவாசிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சீபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்களாம். மூத்தவன் இந்தச் சேர்வராயன் மலையில் தங்கி விட்டானாம்; மற்ற இருவரும் வேறு மலைகளுக்குப் போனார்களாம். இது கர்ண பரம்பரைக் கதை. மூத்த பிள்ளைக்கு நல்ல இடமாகத்தான் கிடைத்திருக்கிறது.

பாறை நிழலில் ஓர் அம்மாள் கொய்யாப் பழமும் மிளகும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். மிளகு நல்ல காரம். நூறு கிராம் வாங்கினேன். பேச்சுக் கொடுத்ததில், அவளுடைய பெண் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள் என்று தெரிந்தது. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

"கொரோனா வந்தப்ப எப்படிம்மா படிச்சாங்க?" என்று கேட்டாள் அக்கா பெண்.

"அதை ஏன் கேக்கறீங்க! போனுக்குள்ளதான் பள்ளிக்கூடம்னு சொல்லிட்டாங்க. எங்க வூட்டுல டவர் எடுக்காது. அதோ அந்தப் பாறை மேல ஏறினாத்தான் எடுக்கும். மழை வந்தா கொடையப் பிடிச்சுக்கிட்டு நான் கூட நிப்பேன். உள்ள வாத்தியாரு பேசுவாரு, திடீர்னு கல்லு மாதிரி நின்னு போயிடுவாரு."

2020-இல் இந்த மாதிரிப் பாறை ஏறாத மலை கிராமம் நம் நாட்டில் குறைவு. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார்கள். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் இரண்டு ஜி.பி. இணைய வசதி இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். ஏப்ரலுக்குப் பிறகு?

"இப்பவும் எல்லாம் போனுலதான் வருது. பாடம், பரீட்சைக்குப் பணம் கட்டறது, உதவித் தொகைக்கு எழுதறது. ரீசார்ஜ் மட்டும் ஏறிக்கிட்டே போவுது. மிளகு வெலை ஏறினா எறங்கும். இது எறங்கினதே இல்லீங்க" என்றாள் அந்த அம்மாள்.

வாஸ்தவம். 2024 ஜூலையில் தனியார் தொலைபேசிக் கம்பெனிகள் எல்லாமாகச் சேர்ந்தாற்போல் கட்டணத்தை ஏற்றினவே, ஞாபகம் இருக்கிறதா? ஜியோவில் தினம் ஒன்றரை ஜி.பி. கொடுத்த 239 ரூபாய்த் திட்டம் 299 ரூபாய் ஆயிற்று. அறுபது ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு மாதம் என்பது இருபத்தெட்டே நாள்! காலண்டரில் பன்னிரண்டு மாதம், கம்பெனியில் பதின்மூன்று மாதம். அறுபதைப் பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள். வருஷத்துக்கு 780 ரூபாய் அதிகம். நமக்கு ஒரு புடவைக்குப் போதாது. பாறை நிழலில் கொய்யா விற்கிறவளுக்கு அது ஒரு மலையேற்றம். அமெரிக்க நூலகத்துக்கு வாடகை இரட்டித்த கதையும் இதுவும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. படிப்பு நடக்கிற இடம் இன்னொருவருடையதாக இருக்கும்போது, படிக்கிறவர்கள் குடக்கூலிக்காரர்கள்தான்.

கிளம்பும்போது அக்கா பெண் அந்த அம்மாளிடம் அவள் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். "தாவரமுங்க" என்றாள் அவள். பி.எஸ்ஸி. தாவர இயல்! மலை முழுவதும் செடி கொடி; சும்மாவா? ஏற்காட்டில் தாவர ஆராய்ச்சி இலாகாவின் ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது. பூச்சியைத் தின்னும் குடுவைச் செடியை நாங்கள் அங்கேதான் பார்த்தோம்.

* * *

சேர்வராயன் கோவிலைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். மலைத்தொடரின் உச்சியில், 1,623 மீட்டர் உயரத்தில், ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஈரமும் எண்ணெய் விளக்கின் வாசனையும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று வட்டாரத்து மலை கிராமங்கள் எல்லாம் இங்கே கூடிவிடும். வெளியே வந்தால் நாலு பக்கமும் காற்று; என் கணவரின் தொப்பி பறந்து போய் ஒரு சிறுவன் ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தான்.

மாலையில் லேடீஸ் ஸீட். யாரோ ஒரு சீமாட்டி சாயங்கால வேளையில் இங்கே உட்கார்ந்திருப்பாளாம். பக்கத்திலேயே ஜென்ட்ஸ் ஸீட், சில்ட்ரன்ஸ் ஸீட்டும் உண்டு. பெண்களுக்கு ஒதுக்கியதுதான் மூன்றிலும் அழகு என்பது என் அபிப்பிராயம். இருட்டியதும் கீழே சேலம் நகரம் விளக்குகளை அள்ளிக் கொட்டியது போல் மினுக்கியது.

அங்கே உட்கார்ந்துதான் அக்கா பெண் தன் கவலையைச் சொன்னாள். அவள் கல்லூரியில் 'மெய்நிகர் அறை' ஒன்று வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஆசை. கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் இருதயத்துக்குள்ளே நடந்து போகலாம், சந்திரனில் இறங்கலாம். நம் தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் சிலவற்றிலும் இப்போது அந்தக் கருவிகள் இருக்கின்றன. குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள்.

"நல்லதுதானே? கிருஷ்ணகிரி மாவட்டத்திலே 2022 பிப்ரவரியிலே ஒரு கல்யாண வரவேற்பையே இப்படி நடத்தவில்லையா?" என்றேன். காலமாகிவிட்ட பெண்ணின் தகப்பனார் பொம்மை உருவில் வந்து ஆசீர்வாதம் செய்தார் என்று படித்து அன்றைக்கு எனக்குக் கண் கலங்கி விட்டது.

"சாப்பாடு?" என்றார் என் கணவர்.

அக்கா பெண் சிரிக்கவில்லை. "கருவியை ஒரு தடவை வாங்கி விடலாம், சித்தி. அதற்குள்ளே ஓடுகிற பாடங்களுக்கு வருஷா வருஷம் சந்தா. அந்தச் சந்தாவுக்கு நூலகத்துப் பணத்திலேதான் கை வைக்கணும். புத்தகமும் பத்திரிகையும் வாங்குகிற பணம்."

"இலவசமாகக் கிடைப்பதை வைத்துக்கொள்ளேன்."

"இலவசத்தின் கதையைக் கேட்டால் வாடகையே தேவலை என்பாய். கூகிள் கம்பெனி அட்டைப் பெட்டிக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்று ஒன்று கொடுத்தது. 2021-இல் நிறுத்தி விட்டது. மைக்ரோஸாஃப்ட் நடத்தின 'ஆல்ட்ஸ்பேஸ்' 2023 மார்ச்சில் மூடினது. மொஸில்லாவின் 'ஹப்ஸ்' 2024 மேயில் போயிற்று. ஒவ்வொன்றிலும் எத்தனை வாத்தியார்கள் பாடம் அமைத்து வைத்திருந்தார்களோ! வாடகை ஏறினால் அழுதுகொண்டாவது கட்டலாம். வீட்டையே இடித்தால்?"

நம் தமிழ்நாட்டு நூலகங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. கணித ஆசிரியராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் ஓயாமல் சொல்லிச் சொல்லி, 1948-இல் சென்னை ராஜதானியில் நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அதற்கும் முன்னால், 1931-இல், மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். மாட்டுக்கு வைக்கோல்தான் மாதச் சந்தா! பத்துப் பைசா நம்முடையது என்பதால், அது எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமையும் நம்முடையதுதான். பாலுக்கும் காய்கறிக்கும் நாம் பேசுகிற பேரத்தில் கால்வாசியாவது இதற்கும் பேசலாம்.

"வேண்டாம் என்று எழுதி விடேன்" என்றேன்.

"வேண்டாம் என்று எப்படி எழுதுவது? அந்தக் கொய்யாக்கார அம்மாவின் பெண் மாதிரி ஒருத்தி என் கல்லூரியிலும் படிக்கிறாள். நுண்பெருக்கிக் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிற இலையின் உள்ளே அவள் நடந்து போய்ப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கும்? கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்த வருஷம் வருகிறவளும் பார்க்க வேண்டும்."

அந்த இருட்டிலேயே போனை எடுத்து முதல்வருக்குக் கடிதம் எழுதினாள். என்னிடமும் படித்துக் காட்டினாள். அதில் மூன்றே கேள்விகள். இந்த விலை எத்தனை வருஷத்துக்கு மாறாது? நம் ஆசிரியர்கள் அதில் தயாரிக்கிற பாடத்தை, ஒப்பந்தம் முடிந்ததும் நாம் வெளியே எடுத்துக்கொண்டு வர முடியுமா? கம்பெனி இதை மூடுவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள்? கீழே ஒரு வரி: "கருவிகளுக்கு ஆகும் பணத்தைப் பத்திரிகைச் சந்தாவிலிருந்து எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

பொத்தானை அழுத்தினாள். போகவில்லை. டவர் எடுக்கவில்லையாம்! ஜென்ட்ஸ் ஸீட் வரைக்கும் நடந்து போய்க் கையை உயர்த்திப் பிடித்து ஒரு வழியாக அனுப்பினாள்.

நாங்கள் ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. முதல்வர் அந்த மூன்று கேள்விகளையும் அப்படியே கம்பெனிக்கு அனுப்பி விட்டாராம். இரண்டாவது கேள்விக்குத்தான் அவர்கள் இன்னும் பதில் எழுதவில்லையாம்.